மூக்கில்லாத கெட்டில்

“எல்லாம் சரி, அந்த மூக்கு மட்டும் வேண்டாம்” என்றார் பாத்திரச் சங்கத்தின் செயலாளர்.

அவசரம் மேஜைமேல் இருந்த கெட்டிலைப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று தன் மூக்கையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

‘அவசரம்’ என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிற ஆள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியிருப்பார். பாதி வழியில்தான் கேள்வி என்ன என்று யோசிப்பார். உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்டவர் கெட்டில் செய்வதில் மட்டும் அவசரப்பட்டதே கிடையாது. தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, மூக்கைப் பொருத்தி, மனைவி கையால் பாலிஷ் போட்டு அவர் பட்டறையிலிருந்து வெளியே வரும் கெட்டிலில் ஊற்றினால், கோப்பைக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தாது.

ஆனால் கடைக்காரர்களுக்குச் சொட்டு முக்கியமில்லை.

“பொருள் பிரமாதம். சங்க முத்திரை இருக்கா?” என்பார்கள்.

“இல்லீங்க.”

“அப்ப கொஞ்சம் நகருங்க, வியாபாரத்துக்கு மறைக்குது.”

சமையல் பாத்திர உற்பத்தியாளர் சங்கத்தின் கண்காட்சி அடுத்த மாதம். விடுதிகளும் கேன்டீன்களும் வருடம் முழுவதற்குமான ஆர்டரை அங்கேதான் கொடுப்பார்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமே அங்கே கடை. போன வருடம் அவசரம் வாசலுக்கு வெளியே துணி விரித்துப் பார்த்தார். காவலாளி கெட்டில்களோடு சேர்த்து அவரையும் அப்புறப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. மனைவியின் அண்ணன் டயர் கடை வைத்திருப்பவர். “மாப்பிள்ளை, அடுத்த கண்காட்சிக்குள்ள சங்கத்துல சேர்ந்தா சரி. இல்லேன்னா பட்டறையைப் பூட்டிட்டு நம்ம கடைக்கு வந்து உட்காருங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டயர் கடை ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் அந்த ரப்பர் வாடையை நினைத்தாலே அவசரத்தின் கை மூக்கைப் பொத்தப் போனது.

“மூக்கு இல்லாம எப்படி சார் கெட்டில்?” என்று கேட்டார்.

“கெட்டில் இல்ல. அதனாலதான் எனக்கு ஆட்சேபணையும் இல்ல.” செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “மூக்கு வச்ச பாத்திரம் எல்லாம் என்னோட வகை. சங்கத்துல இருக்கிறவங்க வகையைப் புதுசா வர்றவங்க தொடக் கூடாது. அதான் நம்ம கட்டுப்பாடு. நிர்வாகிங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டா, நீங்க உறுப்பினர்.”

“ஊத்தறதுக்கு…?”

“அது வாங்கறவங்க கவலை.”

செயலாளரின் தலைக்கு மேலே சுவரில் ‘விட்டுக்கொடுத்து வாழ்வோம்’ என்று பெரிய எழுத்தில் மாட்டியிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலால் காட்டினார்.

“வாய் வார்த்தை செல்லாது. மூக்கு செய்யற அச்சை இங்க கொண்டு வந்து குடுத்துடணும். சங்கத்து அறையில பூட்டிப் பத்திரமா வைப்போம். நாங்க எல்லாருமே இப்படி விட்டுக்கொடுத்துத்தான் சேர்ந்தோம்.”

என்ன பெருந்தன்மை என்று அவசரத்துக்கு உடம்பு சிலிர்த்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்போது டீக்கார அக்கா உள்ளே வந்தார். சங்கத்துக்கு டீ போடுவது, பெருக்குவது, சாவிக்கொத்தைச் சுமப்பது எல்லாம் அவர்தான். கையில் ஒரு கிழட்டுக் கெட்டில். கைப்பிடி போன இடத்தில் கம்பி சுற்றி, கம்பிமேல் துணி சுற்றியிருந்தது. அடியில் இருந்த ஓட்டையை ஏதோ பசை வைத்து அடைத்திருந்தார். அதிலிருந்து காகிதக் கோப்பைகளில் டீ ஊற்றினார். பாதி கோப்பையில் விழுந்தது.

மேஜைமேல் இருந்த கெட்டிலை அவர் கண் கொட்டாமல் பார்த்தார். “யார் செஞ்சது? நீங்களா தம்பி? எவ்வளவு அழகா இருக்கு! எனக்கும் இப்படி ஒண்ணு கிடைச்சா…”

“சேர்ந்ததும் முதல் கெட்டில் உங்களுக்குத்தான்கா!” என்று சொல்லிக்கொண்டே அவசரம் எழுந்துவிட்டார்.

அக்கா படிவரைக்கும் பின்னாலேயே வந்தார். “தம்பி, ஒரு நிமிஷம். இந்தச் சங்கத்துல சேர்றதுன்னா…”

“அப்புறம்கா, அப்புறம்!”

மூன்று நான்கு படிகளை ஒரே எட்டில் தாண்டி அவர் தெருவில் இருந்தார்.

அன்றே மூக்கு அச்சு சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூக்கு இருந்த ஓட்டையை அடைத்து, மாதிரிக்கு ஒன்றைச் செய்து மனைவி முன்னால் வைத்தார் அவசரம்.

தையல் வேலையை விட்டுவிட்டு இந்தப் பட்டறையில் பாலிஷ் போட வந்தவள் அவள். எதையும் நேராகச் சொல்லித்தான் பழக்கம்.

“மூக்கும் முழியுமா இருந்த கெட்டில். இப்படி மொழுக்குனு ஆக்கி வச்சிருக்கீங்களே?”

“கெட்டில்னு ஏன் பார்க்கறே? பாத்திரம்னு பாரு. மூடி இருக்கு, கைப்பிடி இருக்கு. பால் வாங்கிட்டு வரலாம்.”

“அது சரி, யார் இந்த ரோசனை சொன்னது?”

“செயலாளர்.”

“அவர் செஞ்ச கெட்டில் எதையாவது நீங்க பார்த்திருக்கீங்களா?”

“அதுக்கெல்லாம் எங்க நேரம்?” என்றார் அவசரம். பொருளாளரைப் பார்க்கக் கிளம்பிவிட்டிருந்தார்.

பொருளாளரின் பட்டறை ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே கூரைவரை வெங்காய மூட்டைகள். மெஷின் எங்கே என்று தேடினார் அவசரம்.

“எல்லாம் இருக்கு. வெங்காயத்துக்குப் பின்னாடி” என்றார் பொருளாளர்.

பாத்திரத்தோடு வெங்காயமும்! எத்தனை தொழில் பார்க்கிறார் மனுஷன் என்று அவசரம் வியந்துபோனார்.

பொருளாளர் மாதிரியைக் கையில் வாங்கினார். மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முகம் வாடிவிட்டது.

“மூடி போட்ட பாத்திரம் என்னோட வகை ஆச்சே.”

“வெறும் மூடிதானுங்களே?”

“மூடிதான் தம்பி பாத்திரத்துக்கு மானம். அதை நான் விட முடியாது. நீங்க விட்டுடுங்க.” அவர் கண்கள் கலங்கி வழிந்தன. தான் செய்யப்போகும் தியாகத்துக்காகத்தான் அவர் உருகுகிறார் என்று அவசரம் நினைத்துக்கொண்டார். கொட்டகை நிறைய வெங்காயம் இருப்பது அவருக்கு உறைக்கவில்லை.

“அழாதீங்க சார். மூடி அச்சைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன்.”

மூடி போனதும் பாத்திரத்துக்குக் கைப்பிடி மட்டும் மிஞ்சியது. மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“வாளின்னு சொல்லிக்கலாமா?”

“சொல்லிக்கலாமே! வாளிக்கு என்ன குறைச்சல்?”

“குறைச்சல் ஒண்ணும் இல்ல. குறைஞ்சுக்கிட்டே வருதேன்னு பார்த்தேன்.”

துணைத்தலைவர் பட்டறையில் மெஷின்கள் ஓரமாகத் துணி போர்த்திக்கொண்டு நின்றன. நடுவில் வலை கட்டி அவருடைய பிள்ளைகள் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்று விடுமுறை போலும் என்று அவசரம் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். அது வாரத்தின் நட்ட நடுநாள்.

“கைப்பிடி என்னோட வகை” என்றார் துணைத்தலைவர், பந்துக்குத் தலையைக் குனிந்துகொண்டே.

“எந்தப் பாத்திரத்துக்குக் கைப்பிடிங்க?”

“எதுவா இருந்தாலும். பிடிக்கிற மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தா அது நம்மளுது.”

“சூடா இருக்கிறதை எப்படித் தூக்கறது?”

“ஆற வச்சுத் தூக்கலாம். பொறுமை வேணும் தம்பி. உங்களைப் பார்த்தா அது கொஞ்சம் கம்மியா தெரியுது.”

அவசரத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால், இருக்கிறது என்று காட்டுவதற்கும் அவருக்கு அவசரம்தான். அந்த நிமிடமே ஓடிப்போய்க் கைப்பிடி அச்சைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.

கைப்பிடி இல்லாத பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சோதித்தவள் மனைவி. இறக்கும்போது துணி நழுவியது. விரல்களைக் குழாயடியில் காட்டிக்கொண்டு நின்றாள், கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவசரத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ரொம்ப எரியுதா?”

“விரல் எரிஞ்சா ஆறிடும். நல்லா தைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க செஞ்ச கெட்டிலைப் பார்த்துதான், இவர் கையில ஏதோ இருக்குன்னு நம்பி வந்தேன். அந்தக் கெட்டிலை நீங்களே இப்படிப் பிய்ச்சுப் பிய்ச்சுப் போடறீங்க.”

ஆடிக்கொண்டிருந்த அவர் கால் நின்றது.

“இன்னும் தலைவர் ஒருத்தர்தான்” என்றார் கடைசியில். “அவரும் சரின்னுட்டா முத்திரை, கண்காட்சி, ஆர்டர். அப்புறம் உன்னை ஸ்டூல்ல உட்கார வச்சு நானே பாலிஷ் போடறேன். இப்ப விட்டா டயர் கடை. நீயே சொல்லு.”

அவள் விரலில் மருந்து தடவிக்கொண்டாள்.

தலைவரைப் பார்க்கப் போகும் வழியில் டீக்கார அக்கா எதிரே வந்தார். கையில் பால் பாக்கெட், இடுப்பில் சாவிக்கொத்து.

“தம்பி, நல்ல வேளை பார்த்தேன். அன்னிக்கே சொல்லணும்னு…”

“உங்க கெட்டில் ஞாபகம் இருக்குக்கா! தலைவர் காத்துக்கிட்டிருக்கார்!”

“அதில்ல தம்பி, அவங்க யாருமே…”

மிச்சம் அவசரத்தின் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

தலைவரின் பட்டறையில் பிரஸ் மெஷின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கார் நின்றது. நல்ல கார். தலைவர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு, மூடி, கைப்பிடி மூன்றையும் இழந்து நின்ற பாத்திரத்தைக் கையில் வாங்கித் தட்டினார். டங் என்று ஓசை வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“குழியா இருக்கே.”

“பாத்திரம்ங்க. குழியாத்தானுங்களே இருக்கும்?”

“குழிவு என்னோட வகை.”

அவசரத்துக்குத் தலை சுற்றியது. “குழி இல்லாத பாத்திரம் உலகத்துல உண்டாங்க?”

“இல்ல. அதனாலதான் நான் தலைவர்.”

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. செயலாளர், பொருளாளர், துணைத்தலைவர் எல்லாரும் சம்மதிச்சாச்சு. இப்போ போய்ப் பின்வாங்கினா அவங்க மனசு என்ன பாடுபடும்? ஓரத்தைக்கூட மடிக்காதீங்க, மடிச்சா லேசா குழி விழும். மத்தபடி என்ன வேணும்னாலும் தாராளமா செஞ்சுக்கங்க. என் முழு ஆதரவு உண்டு.”

அன்று மாலை மச்சான் தீர்ப்பு நிலவரம் அறிய வந்தபோது, பட்டறை நடுவில் வட்டமாக, பளபளவென்று ஒன்று கிடந்தது.

“என்ன மாப்பிள்ளை, தட்டா?”

“தட்டுக்கு ஓரம் உண்டு மச்சான். ஓரம் தலைவரோடது.”

“அப்ப இது என்ன?”

“தகடு.”

மச்சான் அதை எடுத்துத் திருப்பினார். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. “கடையில நீங்க தகடாத்தானே வாங்கறீங்க?”

“ஆமா.”

“தகடா வாங்கி, தகடா விக்கறதுக்கு ஒரு பட்டறையா?”

“வட்டமா வெட்டியிருக்கேன்ல!”

“கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆச்சும்பாங்க. கட்டெறும்பாவது கடிக்கும்ணா” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

“இதை எதுக்கு மாப்பிள்ளை வாங்குவாங்க?”

அவசரம் யோசித்தார். எதையாவது மூடலாம் என்றால் மூடி பொருளாளருடையது. எதையாவது வைக்கலாம் என்றால் வைத்தது உருண்டு விழும். “முகம் பார்க்கலாம்” என்றார்.

மச்சான் அதில் முகம் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்ற முகம் தெரிந்தது. “முதல்ல சேருங்க. டயர் கடை எங்கேயும் ஓடிப் போகாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிண்டலாகப் பேசியிருந்தாலாவது பரவாயில்லை, இரக்கமாகப் பேசினார். அதைத்தான் அவசரத்தால் தாங்க முடியவில்லை. எப்படியாவது சேர்ந்து காட்டிவிட வேண்டும் என்ற வெறியே பிடித்துவிட்டது. முத்திரை மட்டும் கிடைக்கட்டும், கடைக்காரர்கள் வரிசையில் நிற்கட்டும், அப்புறம் மெல்லப் பேசி மூக்கைத் திரும்ப வாங்கிவிடலாம், மூக்கு வந்தால் மூடி தன்னால் வரும் என்று கணக்குப் போட்டார்.

சேர்க்கைக் கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போனார். கெட்டிலின் உடல் செய்கிற அச்சு பெரியது, கனம். அதை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்து, படியேற்றி, மூச்சு வாங்க நின்றார்.

சங்கத்து அறையில் இப்படி ஒரு வரவேற்பு யாருக்கும் கிடைத்திருக்காது. நிர்வாகிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொருளாளர் இன்று வெங்காயம் இல்லாமலேயே கண் கலங்கினார்.

“எத்தனையோ பேர் சேர்ந்திருக்காங்க” என்றார் தலைவர். “நானே என் அச்சை விட மனசு வராம ரொம்ப நாள் இழுத்தடிச்சேன். ஆனா இவ்வளவு வேகமா விட்டுக்கொடுத்த ஒரு உறுப்பினரை இந்தச் சங்கம் கண்டதில்ல!”

மறுபடி கைதட்டல். தகட்டின் நடுவில் சங்க முத்திரையை டணார் என்று குத்தினார்கள். கண்காட்சியில் வாசலுக்கு நேர் எதிர்க் கடை அவருக்கு என்று அறிவித்தார்கள். தகட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளிச்சம் தகட்டில் பட்டுத் தெறித்ததில், படத்தில் அவசரத்தின் தலை இருக்கும் இடத்தில் ஒரு சூரியன்தான் விழுந்தது.

“சேர்ந்துட்டேன்!” என்று மனைவியிடம் வந்து சொன்னார்.

“சரி” என்றாள் அவள். “யாரோட தயாரிப்பும் இங்க ஒண்ணுகூட காணோமே, பார்த்தீங்களா? பாத்திரச் சங்கத்துல காகிதக் கோப்பையில டீ குடுக்கறாங்க.”

பார்த்திருந்தார். எத்தனையோ தடவை கையில் வாங்கிக் குடித்தும் இருந்தார். இப்போதுதான் அது கண்ணில் பட்டது. அதை உட்கார்ந்து யோசிப்பதற்குள், “அச்சை உள்ளே வச்சுட்டு வந்துடுங்க” என்று செயலாளர் கையைக் காட்டினார்.

டீக்கார அக்கா சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். அவசரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். மனைவியும் வந்தாள். நடையின் கடைசியில் பூட்டிய அறை. பூட்டு சுலபத்தில் திறக்கவில்லை, நிற்கவேண்டியிருந்தது. நிற்கும்போதுதான் அவருக்கு அந்த வாக்கு நினைவுக்கு வந்தது.

“அக்கா, மன்னிச்சுக்கங்க. உங்களுக்குக் கெட்டில் தர்றதா சொன்னேன். இப்ப என்னால மூக்கு செய்ய முடியாது, மூடி முடியாது, ஒண்ணும் முடியாது. பரவால்ல, செயலாளர்கிட்ட சொல்லி அவர் செய்யற கெட்டில்ல நல்லதா ஒண்ணு நானே வாங்கித் தர்றேன்.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பூட்டு திறந்தது. கதவைத் தள்ளி விளக்கைப் போட்டார்.

அறை முழுக்க அச்சுகள். தரையிலிருந்து இடுப்புயரம்வரை அடுக்கி, அடுக்கியதன்மேல் குவித்து, குவித்ததன்மேல் எறிந்திருந்தது. வாணலி அச்சு, டம்ளர் அச்சு, குண்டாவின் வயிறு, கரண்டியின் குழி. எல்லாவற்றிலும் துரு. வாசலோரமாக ஒரு கெட்டில் மூக்கு அச்சு கிடந்தது. தன்னுடையதோ என்று அவசரம் ஆசையாகக் குனிந்து எடுத்தார். தன்னுடையது இல்லை; இதில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கையில் ஒட்டிய துருவைப் பார்த்துக்கொண்டே, “இது யாரோடதுக்கா?” என்றார்.

முதல் தடவையாக, பதில் வரும்வரை அவர் காத்திருந்தார்.

“அது செயலாளர் சேர்றப்ப குடுத்தது தம்பி, சங்கத்துல இருக்கிற எல்லாருமே இப்படிக் குடுத்துட்டுச் சேர்ந்து தொழிலை விட்டவங்கதான், பாத்திரம் செய்யற ஆளுன்னு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க!”